குளத்தின் விதைநெல்

கொடிய பஞ்ச காலத்தும் உழவன் வீட்டுக் குலுக்கையின் அடியில் சில மரக்கால் நெல் தீண்டப்படாமற் கிடக்கும். அடுப்பிற் பூனை உறங்கும் நாளிலும் அதனை அள்ளிக் குத்துவார் இலர். அள்ளினால் அன்றைப் பசி தணியும். ஆயின் மழை பெய்து நிலம் பதப்படும் நாளில் தூவுதற்கு ஒரு மணியும் இராது. விதைநெல்லை உண்பவன் தன் மக்களின் சோற்றை உண்பவன் என்னும் அறிவை நம் முன்னோர்க்கு எக்கல்லூரியும் புகட்டவில்லை. பசியே ஆசானாயிருந்து கற்பித்தது.

நெல்லுக்கு விதை உண்டென அறிந்த நாம், குளத்து மீனுக்கும் விதை உண்டென்பதை மறந்தோம். கோடையில் கண்மாயின் கடைசிப் பள்ளத்து நீரையும் இறைத்துக் கடைசிக் குஞ்சையும் வாரும் வழக்கம், விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் வழக்கத்தையே ஒக்கும். அதனை நிறுத்தவேண்டும் என்பதும், நிறுத்துதற்குப் பெரும்பொருள் வேண்டா, ஒரு பள்ளமும் நாற்பது நாட் பொறுமையும் போதும் என்பதுமே யான் இக்கட்டுரையிற் கூறப்புகுந்தன. தமிழ் படிக்கும் மாணவனுக்கு மீனைப்பற்றி என்ன பேச்சு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். ஐவகை நிலத்தையும் அவற்றின் கருப்பொருளையும் நெட்டுருச் செய்து தேர்வெழுதும் நாம், நம் ஊர்க் குளத்தின் கருப்பொருளை அறியாதிருத்தல் அதனினும் நகைப்புக்குரியது அன்றோ?

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை மதில்போல் நிற்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையின் பெரும்பகுதி அம்மதிலுக்கு அப்பால் கேரளத்திலேயே பெய்துவிடுகின்றது. இப்பக்கத்துக்குக் கிட்டுவன சாரலும் குளிர்காற்றுமே. நம் கண்மாய்களை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வரும் வடகிழக்குப் பருவமழை. அப்போது அய்யனார்கோவில் ஆறும் செண்பகத்தோப்பு ஓடைகளும் பெருகி இறங்குகின்றன. இராசபாளையத்துக் கொண்டனேரி, பிரண்டைக்குளம், திருவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் எனப் பெயர்பெற்ற கண்மாய்களும், அவ்வவ்வூராரேயன்றிப் பிறர் அறியாத சிறு கண்மாய்கள் பலவும் இம்மழையையே நம்பியிருக்கின்றன. மேலைக் கண்மாயின் மறுகால் நீர் கீழைக் கண்மாய்க்கு வரத்துநீராகும். இங்ஙனம் ஒன்றினின்று ஒன்றாக இறங்கி, எஞ்சியது வைப்பாற்றின் வழியே மன்னார் வளைகுடாவைச் சேரும்.

நீர் செல்லும் வழியெல்லாம் மீனும் செல்லும். செண்பகத்தோப்பு மலையில் ஓர் அருவிக்கு மீன்வெட்டிப்பாறை என்று பெயர் வழங்குகின்றது. திருவில்லிபுத்தூரிற் பிறந்த ஆண்டாள், திருப்பாவையின் மூன்றாம் பாட்டில் மழைவளம் கூறுமிடத்து, நெல்வயலோடு அதனூடு திரியும் கயலையும் சேர்த்தே பாடினார். சமயம் வேறாயினும் தமிழ் ஒன்றாகலின், யானும் அப்பாட்டைப் பாடமாகப் படித்தவன். வகுப்பறையில் அதனை அழகிய கற்பனை என்றே எண்ணியிருந்தேன். பின்னர் என் பாட்டியார், தாம் சிறுமியாயிருந்த நாளில் நடவு வயலிற் கால்வைத்தால் கெண்டைக் குஞ்சுகள் விரலிடையே ஓடும் என்று கூறக் கேட்டபோதுதான், அது கற்பனையன்று, கண்ணாற் கண்ட காட்சி என்பதை உணர்ந்தேன்.

இனி, கண்மாய் மீனின் ஓராண்டு வாழ்க்கையைச் சிறிது காண்போம். அதனை அறிந்தாலன்றி யான் கூறும் குறை விளங்காது.

ஐப்பசியில் முதல் வெள்ளம் கலங்கி வரும். அதன் மணம் பட்டவுடனே குளத்தில் எஞ்சியிருந்த கெண்டை, கெளுத்தி, குறவை, ஆரல் முதலியன வெள்ளத்தை எதிர்த்து ஏறத் தொடங்கும். வரத்துக்கால் வழியாகவும், மறுகால் வழியாகவும், புதிதாக நனைந்த புல்வெளிக்கும் வயலுக்கும் சென்று முட்டையிடும். அங்கே நீர் ஆழமற்றது, பெருமீன் வாராது, குஞ்சுக்கு வேண்டிய சிற்றுயிர்கள் புதுநீரிற் பெருகியிருக்கும். அத்துணை நல்ல தொட்டில் ஆண்டில் வேறொரு காலத்தும் கிட்டாது. விராலோ கரையோரப் பூண்டுகளினிடையே முட்டையிட்டு, தாயும் தந்தையுமாகக் காவல் நிற்கும். செம்பொட்டுக் கூட்டம்போல அதன் குஞ்சுகள் நீர்மட்டத்திற்கு வந்து மூச்சுவாங்கி மறைவதைக் கார்த்திகையிற் கரையில் நிற்போர் காணலாம்.

மார்கழி, தையில் நீர் தெளிந்து குளிரும். மீன் ஆழத்தை நாடும். இரை எடுப்பது குறையும். தூண்டிற்காரன் நெடுநேரம் காத்திருப்பான். மாசி, பங்குனியில் மடைகள் திறந்து பயிருக்கு நீர் பாய்வதால் குளம் நாளுக்குநாள் சுருங்கும். பரந்திருந்த மீன் நெருங்கும். கொக்கும் நீர்க்காகமும் கூடும், வலைகளும் கூடும். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறி நீர் சூடாகும். சூடான நீரிற் கரைந்துள்ள உயிர்வளி குறைவு. இரவில் பாசியும் அதனை உட்கொள்ளும். ஆகலின் விடியற்காலையில் மீன்கள் வாயை மேலே நீட்டித் தவிக்கும். ஆனி, ஆடியிற் குளத்தின் உள்வாயில் ஆடுமாடுகள் மேயும். அப்போது மடையை அடுத்த ஆழ்பள்ளத்தில் மட்டும் சிறிது நீர் நிற்கும். அப்பள்ளத்து நீரிலும், அதனைச் சுற்றிய ஈரச் சேற்றிலும் விராலும் குறவையும் ஆரலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆவணி, புரட்டாசியில் இடிமழை இரண்டொன்று பெய்து அவற்றைக் காக்கும். மீண்டும் ஐப்பசி வரும்.

இவ்வாழ்க்கையில் இரண்டு இடங்கள் மிக மெல்லியன. ஒன்று, கோடையில் அவ்வாழ்பள்ளம். மற்றொன்று, ஐப்பசியில் அம்முதல் வெள்ளம். முன்னது விதை வைத்திருக்கும் குலுக்கை. பின்னது விதைப்பு நாள். இவ்விரண்டிலும் கைவையாதவரை, இடையே எத்துணை பிடித்தாலும் நாட்டுமீன் மீண்டும் பெருகும். இவ்விரண்டிலும் கைவைத்தால், இடையே ஒன்றும் பிடியாதிருந்தும் பயனில்லை.

நாட்டுமீன் என யான் பிரித்துக் கூறுதற்குக் காரணம் உண்டு. இன்று நம் கண்மாய்களில் இரு திறத்து மீன்கள் உள. கட்லா, ரோகு, மிர்கால் என்பன வடநாட்டுப் பேராறுகளுக்குரியன. அவை ஓடும் வெள்ளத்திலன்றித் தேங்கிய நீரில் முட்டையிடா. 1957-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் ஒரிசாவில், மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசிவழி ஏற்றி இவ்வினத்தைத் தேங்கிய நீரிலேயே முட்டையிடச் செய்தார். அந்நாளே இன்றும் நாடெங்கும் மீன்வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அன்றுமுதல் குஞ்சுகளைப் பண்ணைகளில் உண்டாக்கி ஊர்க் குளங்களில் விடுவது எளிதாயிற்று. கார்த்திகையில் விட்ட குஞ்சு வைகாசிக்குள் விலைபெறும் மீனாகின்றது. ஏழையின் சட்டியில் மலிவான மீன் விழுவதற்கு இம்முறையே பெருங்காரணம் என்பதை மறுப்பார் இலர்; யானும் மறுக்கவில்லை. ஆயின் இவை குளத்திற்கு விருந்தினர்; ஆண்டுதோறும் அழைத்து வந்தாலன்றி வாரா. கெண்டையும் விராலும் அயிரையுமோ குடியுரிமை உடையன. அழையாமலே தம் வீட்டில் தாம் பெருகுவன. விருந்தினரை வரவேற்கும் பொருட்டு வீட்டுக்காரரைக் கொன்று புதைப்பது எந்நாட்டு விருந்தோம்பல்?

மூன்றாவது ஒன்றும் உண்டு. 1952-இல் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டிற்குக் கொணரப்பட்ட சிலேபிக் கெண்டையே அது. கலிலேயாக் கடலிற் பேதுரு பிடித்ததாக மக்கள் பெயரிட்டழைக்கும் மீனுக்கு அது நெருங்கிய உறவு. அதன்பால் எனக்குப் பகையில்லை. எங்கள் வீட்டிலும் அதனை விரும்பியே உண்கிறோம். ஆயினும் அதன் இயல்பை நோக்குக. தாய்மீன் முட்டைகளைத் தன் வாயினுள்ளே அடைகாக்கும். ஆண்டிற் பலமுறை ஈனும். முதல் வெள்ளத்தையோ புல்வெளியையோ எதிர்பாராது. ஆகவே பருவத்தை நம்பி வாழும் நாட்டுமீன்கள் பருவம் குலைந்து அழியுமிடத்தில், பருவத்தை நம்பாத இது வந்து நிறைகின்றது. சிலேபி நாட்டுமீனை விரட்டியது என்று ஊரார் அதன்மேற் பழிபோடுவர். பாதி பழி நம்முடையது. வெறுமையாக்கி வைத்த வீட்டில்தானே எளிதிற் பிறர் குடிபுகுவர்?

இவற்றையெல்லாம் யான் நூலிற் படித்து மட்டும் எழுதவில்லை. இராசபாளையத்திற்குக் கிழக்கே உள்ள எங்கள் சிற்றூர்க் கண்மாயை ஓராண்டிற்கு என் தாய்மாமனும் வேறு மூவரும் மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தனர். கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. அவ்வாண்டு வைகாசியிற் குளம் சுருங்கி, மடைப்பள்ளத்தில் மட்டும் நீர் நின்றது. எண்ணெய் என்ஜினை வைத்து இரண்டு இரவும் ஒரு பகலும் இறைத்தனர். பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரிக்குக் காத்திருந்த யானும் கூடை சுமந்தேன். நீர் வற்றிய பின்னர்ச் சேற்றைக் கையால் துழாவி விராலையும் ஆரலையும் எடுத்தோம். விரல் நீளமும் இல்லாத பொடிகளைக் கரையிற் கொட்டினோம். அவற்றை எடுத்துச் சென்றோர் எடுத்தனர். எஞ்சியவை வெயிலில் நாறின. விற்ற பணத்தில் கடன் அடைந்தது. மிச்சத்தில் ஒரு பங்கு என் கைக்கு வந்தது. அதுவே யான் இக்கல்லூரியில் முதற்பருவத்திற்குக் கட்டிய கட்டணம். ஆகலின் இக்கட்டுரையை எழுதும் கை, அப்பள்ளத்தைத் துழாவிய கையே என்பதை நேயர்கட்கு மறையாது உரைக்கின்றேன்.

அவ்வாண்டுக் கார்த்திகையிற் குளம் நிரம்பி மறுகால் சென்றது. கிறிஸ்துமசு விடுமுறைக்கு வீடு சென்றபோது பாட்டியார் குறவை மீன் வேண்டுமென்றார். நோயுற்று எழுந்தவர், வாய்க்கு ஒன்றும் பிடியாதிருந்தார். தூண்டிலை எடுத்துக்கொண்டு காலைமுதல் மாலைவரை கரையில் அமர்ந்தேன். பதினொரு மீன் அகப்பட்டன, பதினொன்றும் சிலேபி. கொணர்ந்து முன்வைத்தபோது பாட்டியார் அவற்றைப் புரட்டிப் பார்த்து, “இது நம்ம குளத்து மீன் இல்லையே ராசா, எங்கே போய் வாங்கிவந்தாய்?” என்று கேட்டார். யான் மறுமொழி கூறவில்லை.

அன்றிரவு அவர் கூறிய செய்தி ஒன்று என் எண்ணத்தையே மாற்றியது. அவர் இளமையில் அம்மடைப்பள்ளத்தை யாரும் இறைத்ததில்லையாம். கோடையில் ஊரார் கூடி ஒருநாள் மீன் அழிக்க இறங்குவர். ஊத்தாவை நீரில் அழுத்தி, மேல்வாயிற் கைவிட்டு மீனை எடுப்பர். பெருமீன் அகப்படும், பொடி தப்பும். பள்ளத்து நீரைமட்டும் ஆடுமாடு குடிப்பதற்கென்று விட்டுவைப்பர். மீனைக் காப்பது அவர்தம் எண்ணமன்று. மாட்டைக் காப்பதே எண்ணம். மாட்டுக்கு விட்ட நீரில் மீனும் பிழைத்தது. இன்று ஊரில் ஆழ்துளைக் கிணறும் தொட்டியும் வந்துவிட்டன. மாட்டுக்குப் பள்ளம் வேண்டியதில்லை. காவல் காத்த மாடு விலகியதும் பள்ளம் காவலற்றதாயிற்று. ஆகவே முன்னோர் நினையாமற் செய்த நன்மையை இனி நாம் நினைந்து செய்யவேண்டியவர் ஆனோம்.

பழங்காலத்தை யான் பொற்காலம் என்று கூறுகின்றேன் என எவரும் கருதற்க. அக்காலத்தும் ஊர்க் குளத்தில் எல்லார்க்கும் ஒத்த உரிமை இருந்ததில்லை. சிலர் முதலில் இறங்குவர். சிலர் கடைசியில் இறங்குவர். சிலர் கரையோடு நிற்பர். கரையோடு நின்றோருள் எங்கள் முன்னோரும் இருந்தனர். அவ்வழக்கம் மீளவேண்டா. பள்ளத்தை விட்டுவைத்த வழக்கம் மட்டும் மீள்க.

குத்தகைதாரர்களைப் பேராசைக்காரர் என வைதுவிடுதல் எளிது. என் மாமன் பேராசைக்காரர் அல்லர். பள்ளத்தை ஏன் விட்டுவைத்திருக்கலாகாது என்று யான் கேட்டபோது அவர் கூறிய விடை இது: “மாப்பிள்ளை, நான் விட்டுவைத்தால் அடுத்த வருசம் ஏலம் எடுக்கிறவன் அள்ளிக்கொண்டு போவான். அவனுக்கா நான் பணம் கட்டினேன்?” இவ்விடையிலே நோயின் மூலம் முழுதும் அடங்கியுள்ளது. மீன்பாசி ஏலம் பெரும்பாலும் பசலி ஆண்டைக் கணக்காகக் கொண்டு விடப்படுகின்றது. பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி அடுத்த ஜூன் 30-ஆம் நாள் முடிவது. அது நிலவரிக் கணக்கிற்காக முகலாயர் காலத்தில் ஏற்பட்டது, மீனுக்காக ஏற்பட்டதன்று. நம் பக்கத்திற் குளம் மிகவும் வற்றி, விதைமீன் பள்ளத்தில் ஒடுங்கும் காலமும் அந்த ஜூன் மாதமே. அப்போதே குத்தகையும் முடிகின்றது. வெளியேறும் குடித்தனக்காரன் கதவையும் நிலையையும் கழற்றிச் செல்லலாம் என்று நாமே முறி எழுதிக் கொடுத்துவிட்டு, அவன் கழற்றினான் என்று பின்னர் அழுகின்றோம்.

இனி, எதிர்ப்புரைகளை நோக்குவோம்.

பள்ளத்தை விட்டுவைத்தால் ஏலத்தொகை குறையும், ஊராட்சிக்கு வருவாய் இழப்பு என்பர் சிலர். குறையக்கூடும். ஆயின் பள்ளத்தில் எஞ்சும் மீன் குளத்து மீனில் எத்துணைப் பங்கு? மாசி முதல் வைகாசி வரை வலை வீசிப் பிடிப்பதே பெரும்பகுதி. மேலும், இன்று சந்தையில் அயிரையும் விராலும் விற்கும் விலைக்குக் கட்லா விற்பதில்லை. அருமையே அவ்விலையைக் கூட்டியது. அயிரைக் குழம்புக்குப் பெயர்பெற்ற மதுரை நமக்கு அணித்தே உள்ளது. குஞ்சு வாங்காமல், தீனி போடாமல், தானே பெருகும் மீனை அழித்துவிட்டு, விலை கொடுத்து வாங்கும் குஞ்சை மட்டும் நம்புதல் வருவாய்க் கணக்கிலும் தவறானதே.

விராலும் கெளுத்தியும் நாம் விடும் குஞ்சுகளைத் தின்றுவிடும், ஆதலால் குளத்தைத் துடைத்த பின்னரே குஞ்சு விடவேண்டும் என்பர் வேறு சிலர். இதில் உண்மை உண்டு. ஆயின் அதற்கு மருந்து குளத்தைத் துடைப்பதன்று. சிறு குஞ்சை விடாமல், பத்துச் சென்டிமீட்டருக்குக் குறையாது வளர்ந்த குஞ்சை விடுவதேயாம். அவ்வளவு வளர்ந்ததை விரால் எளிதில் விழுங்க இயலாது.

சேற்றிற் கிடக்கும் விராலை யார் அழிக்கமுடியும், மேலைக் குளத்திலிருந்து வெள்ளத்தோடு மீன் வாராதா என்பர் மற்றுஞ் சிலர். மேலைக் குளம் ஒன்றில் விதை இருந்தால் வரும். மேலைக் குளத்தாரும் இவ்வாறே எண்ணி இறைத்துவிட்டால் எங்கிருந்து வரும்? சங்கிலிபோல் தொடர்ந்த கண்மாய்களில் ஒவ்வோரூரும் அடுத்த ஊரின் விதையை நம்பித் தன் விதையை உண்ணுமாயின், இறுதியில் எல்லா ஊரும் வெறுங்கையோடு நிற்கும்.

இவ்வெண்ணம் புதியதும் அன்று. சென்னைப் படையில் மருத்துவராயிருந்து இந்நாட்டு மீன்களை ஆராய்ந்த பிரான்சிசு டே என்பார், இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்களைப்பற்றி 1873-இல் விரிவான அறிக்கை ஒன்று வெளியிட்டார். குஞ்சுகளையும் சினைமீன்களையும் வரையறையின்றி வாருவதால் மீன்வளம் குன்றுகின்றது என்பதே அவர் கண்ட முடிபு. 24 ஆண்டுகள் கழித்து 1897-இல் இந்திய மீன்பிடிச் சட்டம் இயற்றப்பட்டது. நீரில் வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் அச்சட்டத்தால் குற்றமாயின. கடலைப் பொறுத்தவரையில் நம் மாநிலம் இன்னும் ஒருபடி சென்றுள்ளது. 2001-ஆம் ஆண்டுமுதல் கிழக்குக் கடற்கரையில், மீன் இனம்பெருக்கும் காலத்தே விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை நிலவுகின்றது. இன்று அது ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்நாட்களில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகையும் அளிக்கின்றது. எல்லை காணாப் பெருங்கடலுக்கே ஓய்வு வேண்டுமெனில், ஒரு நாளிற் சுற்றிவரத்தக்க கண்மாய்க்கு வேண்டாவோ?

மலையைப் பாருங்கள். 1988-இல் திருவில்லிபுத்தூர் மலைக்காடு சாம்பல்நிற அணிலுக்குச் சரணாலயமாயிற்று. 2021-இல் அதுவே மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அணிலுக்கும் புலிக்கும் காவல் கிடைத்ததில் நமக்குப் பெருமையே. ஆயின் அக்காட்டில் ஊறிவரும் நீர் அடிவாரத்தை விட்டு நம் கண்மாயை அடைந்ததும், அதில் வாழும் உயிருக்குக் காவல் யார்? அரசு காவலரை நிறுத்தவேண்டும் என்று யான் கேட்கவில்லை. ஊரே காவலாதல் கூடும்.

யான் வேண்டுவன மூன்றே. முதலாவது, ஒவ்வொரு கண்மாயிலும் மடையை அடுத்த ஆழ்பள்ளத்தை என்ஜின் வைத்து இறைக்கலாகாது என்னும் விதியை ஏல நிபந்தனையிலேயே எழுதுக. வெயிலால் அது தானே வற்றுமாயின் வற்றுக; நாம் இறைக்கவேண்டா. இரண்டாவது, முதல் வெள்ளம் வந்த நாள்தொட்டு நாற்பது நாள் வரத்துக்காலிலும் மறுகாலிலும் பறியும் வலையும் வையாதிருக்க. இது குத்தகைதாரர்க்கு மட்டும் அன்று, நமக்கும் உரியது. சினைமீன் சுவையுடையது என்று மறுகாலில் நின்று அள்ளுவோர் ஊர்மக்களாகிய நாமே. மூன்றாவது, ஓராண்டுக் குத்தகையை மூன்றாண்டாக்குக. அடுத்த ஆண்டும் தனக்கே உரியது என்று அறிந்தவன் விதையைத் தானே காப்பான். இவ்விதிகள் எல்லாக் குத்தகைதாரர்க்கும் ஒக்கும் ஆதலின், ஒருவன் விட்டதை மற்றொருவன் அள்ளினான் என்னும் குறையும் நீங்கும். என் மாமனின் வினாவிற்கு இதுவே விடை.

இவற்றை எங்கே கூறுவது என்று மலைக்கவேண்டா. கிராமசபை கூடும் நாட்களுள் மே முதல் நாளும் அக்டோபர் 2-ஆம் நாளும் உள்ளன. முன்னது பள்ளத்தை இறைக்கத் தொடங்கும் வேளைக்குச் சற்று முன்னர். பின்னது முதல் வெள்ளத்துக்குச் சற்று முன்னர். நம் மாணவருள் பாதிக்குமேற்பட்டோர் கண்மாய் உள்ள ஊரினின்றும் வந்தவர்கள். வருகின்ற மே முதல் நாள் நாம் விடுமுறையில் இருப்போம். அவ்வொரு நாள் தம் ஊர்ச் சபையில் எழுந்து இரண்டு மணித்துளி பேசுதல் யார்க்கும் அரிதன்று. பட்டம் பெற்று ஊராட்சியிலும் வருவாய்த்துறையிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள் ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்க முயல்வார்களாயின், எங்கள் பேச்சினும் அது பன்மடங்கு பயன் தரும்.

சென்ற தைத் திங்களில் இவற்றை என் மாமனிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “நீ சபையில் பேசு, மாப்பிள்ளை, நான் எதிர்த்துப் பேச மாட்டேன்” என்றார். குத்தகை எடுத்த மற்ற மூவரும் எதிர்ப்பார்களோ, அறியேன். எனினும் பேசுவதென்று துணிந்துவிட்டேன். முதற்பருவக் கட்டணத்தை அக்குளம் கொடுத்தது. யான் பட்டம் பெற்று வெளியேறுமுன் அதற்குச் சிறிதேனும் திருப்பிக் கொடுத்தல் கடன்.

நாட்டுமீன் மீண்டு வருதற்கு ஓராண்டு போதாது. இரண்டு மூன்று மழை வேண்டும். ஒரு விரால் ஈனும் முட்டைகள் ஆயிரக்கணக்கின. பள்ளத்திற் சில இணை பிழைத்தால் குளம் நிறையத் தடையில்லை. பாட்டியார்க்கு அகவை எண்பதைக் கடந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று கார்த்திகை அவர் இருப்பாராக. அவர் கேட்ட குறவையை அக்குளத்திலிருந்தே யான் பிடித்துக் கொடுக்கும் நாளும் வருவதாக.